கரைக்கு உள்ளே, கரைக்கு வெளியே

ஆண்ட்வெர்ப்பின் பழைய வணிகர் மன்றத்துக்கு நான்கு பக்கமும் வாசல். எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் உள்ளே நுழைந்துவிடலாம். நடுவில் தூண்கள் சூழ்ந்த பெரிய முற்றம். 1531-ல் முதலில் கட்டியபோது அந்த முற்றத்துக்குக் கூரை கிடையாது. 1858-ல் அது எரிந்துபோய், பழைய அமைப்பை ஒட்டி மறுபடி எழுப்பியதுதான் இன்று நிற்பது. இப்போது விருந்துக்கும் விழாவுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். எந்த நாட்டவரானாலும் எந்த மொழியினரானாலும் இது வணிகர்களுக்கான இடம் என்று லத்தீனில் எழுதி வைத்துத்தான் அன்று இதைத் திறந்தார்கள். லூதர் தம் ஆட்சேபங்களை வெளியிட்டுப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன; மதத்தின் பேரால் மனிதர்களை எரித்துக்கொண்டிருந்த கண்டம் அது. அந்தக் காலத்தில் இத்தாலியனும் ஜெர்மானியனும் போர்த்துகீசியனும் ஒரே முற்றத்தில் நின்று மிளகுக்கும் கம்பளிக்கும் விலை பேச முடிந்ததற்கு எந்தத் தத்துவ நூலும் காரணமில்லை. ஒருவன் சரக்கு இன்னொருவனுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தனிமனித உரிமை, சமயச் சகிப்பு, அரசனையும் கட்டுப்படுத்தும் சட்டம், பங்கு மூலதனம், பொதுக்கடன் ஆகியவற்றை நவீன ஐரோப்பா தன் சொத்தாகச் சொல்லிக்கொள்கிறது. இவற்றின் பிறப்பை நாம் வழக்கமாக நூலகத்தில் தேடுகிறோம். லாக், வால்டேர், ரூசோ, கான்ட் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வடக்கே ஹாலந்து வழியாகப் போகிறவர் கண்ணில் படுவது வேறு வரிசை: மண்கரை, மதகு, கணக்குப் பேரேடு, நோட்டரி பத்திரம். ஒருவரையொருவர் பிடிக்காத, ஆனால் ஒருவரையொருவர் விட்டுத் தொலைக்கவும் முடியாத மனிதர்கள் சேர்ந்து பிழைப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகளே முதலில் வந்தன. தத்துவம் பின்னால் வந்து அவற்றுக்குப் பெயர் வைத்தது. அந்த ஏற்பாடுகள் கூட்டாளிகளுக்குள் மட்டுமே செல்லுபடியாயின என்பதும் இதே உண்மையின் மறுபக்கம். ஐரோப்பிய விழுமியங்களின் வலிமை, வன்மம் இரண்டையும் புரிந்துகொள்ள இந்தக் கோணம்தான் உதவுகிறது என்பது என் கட்சி.

1585 ஆகஸ்டில் ஸ்பானியப் படை ஆண்ட்வெர்ப்பைப் பிடித்தது. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள் கத்தோலிக்கத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் நான்கு ஆண்டுக்குள் சொத்தை விற்றுக்கொண்டு ஊரைவிட்டுப் போகலாம் என்றார்கள். ஸ்கெல்ட் ஆற்றின் வாயை, கிளர்ச்சியில் இருந்த வடக்கு மாகாணத்தார் அடைத்துவிட, துறைமுகம் படுத்துவிட்டது. சில ஆண்டுகளில் நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. கடன் பத்திரத்தைக் கைமாற்றும் வித்தை, இரட்டைப் பதிவுக் கணக்கு, லிஸ்பன் வரையிலும் வெனிஸ் வரையிலும் நீண்ட உறவுகள் எல்லாம் அவர்களோடு வடக்கே போயின. தெற்கிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்க் குடியேறிய அப்படிப்பட்ட வணிகர்களில் டிர்க் வான் ஓஸ் ஒருவர், ஐசக் லெ மேர் இன்னொருவர். இருவரும் இந்தப் பயணத்தில் பின்னால் வருவார்கள்.

லைடன் பல்கலைக்கழக ஊர். 1574-ல் ஸ்பானிய முற்றுகையை உடைக்க ஆரஞ்சு இளவரசர் வில்லெமின் ஆட்கள் கரைகளை வெட்டிக் கடலை வயல்வெளிக்குள் விட்டார்கள். தட்டையடிப் படகுகள் வயல்மேல் மிதந்துவந்து ஊரை மீட்டன. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் வந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த சோழர் செப்பேடுகள் லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றது இந்தப் பல்கலைக்கழகத்தால்தான். நான் இங்கே அதிகம் பேச நினைப்பது வேறொரு நிறுவனத்தைப் பற்றி. பிரேஸ்ட்ராட் தெருவில் ரைன்லாண்ட் நீர் வாரியத்தின் பழைய மாளிகை இருக்கிறது. ஹாலந்தின் பிரபு இரண்டாம் வில்லெம் இந்த வாரியத்துக்குச் சாசனம் கொடுத்தது 1255-ல். அதாவது பல்கலைக்கழகத்துக்கு 320 ஆண்டு முந்தையது. லூதருக்கு இரண்டரை நூற்றாண்டு முந்தையது. டச்சுக் குடியரசு என்ற ஒன்று கனவில்கூட இல்லாத காலத்தது.

இந்த வாரியம் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹாலந்தின் நிலம் பெரும்பாலும் கரிச்சேற்று நிலம். பதினோராம் நூற்றாண்டு தொடங்கி அதைத் திருத்த வந்தவர்களுக்குப் பிரபுக்கள் நீளநீளமான பட்டைகளாக நிலத்தைப் பிரித்து ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்தார்கள். வந்தவர்கள் பண்ணையடிமைகள் ஆகவில்லை. சிறு வரி கட்டிச் சுதந்திரக் குடிகளாக இருந்தார்கள். ஆனால் அந்த மண்ணில் ஒரு சிக்கல். நீரை வடித்தால் அது அழுந்தும். அழுந்தினால் மறுபடி நீர் ஏறும். நூறு, இருநூறு ஆண்டில் வயல், ஆற்றுமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. அதன்பிறகு கரைதான் உயிர். ஒவ்வொருவருக்கும் நிலத்தின் அளவுக்கேற்பக் கரையில் ஒரு துண்டு பொறுப்பு. ஒருவன் தன் துண்டைக் கவனிக்காமல் விட்டால் முழுகுவது அவன் வயல் மட்டுமில்லை. ஆகவே வாரியத்தார் கரையைச் சுற்றிப் பார்த்தார்கள், அபராதம் போட்டார்கள், வரி பிரித்தார்கள், வழக்கும் தீர்த்தார்கள். தன் துண்டைப் பராமரிக்க வக்கில்லாதவன் கரையில் மண்வெட்டியைக் குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் கடமையும் சேரும். உரிமை என்பது கடமையோடு கட்டப்பட்ட பொருள் என்பதை இதைவிட முரட்டுத்தனமாகச் சொல்ல முடியாது. இதை ஜனநாயகம் என்று புகழ்வது மிகை. வாரியங்களில் பெரிய நிலக்காரர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் பிரபு, மடாலயம், உழவன் எவனுக்கும் கரைவரியிலிருந்து விலக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. வெள்ளம் யாருடைய அந்தஸ்தையும் கேட்டுக்கொண்டு வருவதில்லையே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. கார்ல் விட்ஃபோகல் 1957-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் நேர் எதிரான முடிவுக்கு வந்தார்: பெரிய அளவில் நீரை ஆள வேண்டிய சமூகங்களில்தான் எல்லாம் வல்ல அரசு உருவாகிறது என்றார். எகிப்தையும் சீனாவையும் காட்டினார். அப்படியானால் நீரே சுதந்திரம் தந்தது என்பது எப்படிப் பொருந்தும்? பொருந்தாதுதான். நீர் எதையும் தானாகத் தருவதில்லை. ஹாலந்தில் வேறு சில நிலைமைகள் சேர்ந்திருந்தன: ஒப்பந்தத்தின் பேரில் குடியேறிய சுதந்திர உழவர்கள், பலவீனமான பிரபுகுலம், வயலில் கோதுமை சரியாக விளையாததால் பால்டிக் தானியத்தை நம்பிச் சீக்கிரமே வணிகத்துக்குத் திரும்பிய சிறு நகரங்கள். வேலை வாங்க மேலே ஒரு பேரரசன் இல்லாத இடத்தில் வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விட்ஃபோகல் சொன்ன அதே தேவைதான். அதை நிறைவேற்றிய கை வேறு. 1581-ல் மாகாணங்களின் பொதுமன்றம் ஸ்பானிய மன்னர் இரண்டாம் ஃபிலிப்பைக் கைவிடும் பிரகடனத்தை வெளியிட்டபோது, குடிகள் மன்னனுக்காகப் படைக்கப்பட்டவர்கள் அல்ல, மன்னன்தான் குடிகளுக்காக என்ற கருத்தை அதில் வைத்தது. கடமை தவறியவன் மண்வெட்டியைக் குத்திவிட்டுப் போக வேண்டும் என்ற கரைச் சட்டத்தை மூன்று நூற்றாண்டு பார்த்துப் பழகிய மக்களுக்கு அந்த வாதம் அந்நியமாகப் பட்டிருக்காது.

லைடனுக்குப் பக்கத்தில் ரைன்ஸ்பர்க் கிராமத்தில் ஸ்பினோசா 1661 முதல் 1663 வரை குடியிருந்த சிறு வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கண்ணாடிவில்லை தேய்க்கும் கடைசல் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அலமாரியில் அவருடைய நூலகம். அவர் இறந்தபின் நோட்டரி எடுத்த பட்டியலைப் பார்த்து அதே நூல்களின் அதே பதிப்புகளைத் தேடிச் சேர்த்த நூலகம் அது. வருகைப் பதிவேட்டில் 1920-ல் ஐன்ஸ்டைன் போட்ட கையெழுத்து இருக்கிறது. சிந்தனை முதலா, ஏற்பாடு முதலா என்ற கேள்வியை இந்த வீட்டில் நின்று கேட்பது நியாயம். ஸ்பினோசா 1670-ல் வெளியிட்ட சமய, அரசியல் ஆய்வு, சிந்திக்கும் சுதந்திரம் நாட்டின் அமைதிக்குக் கேடில்லை, அதைப் பறித்தால்தான் கேடு என்று வாதிட்டது. ஆனால் அவர் சான்றாகக் காட்டியது எதை? ஆம்ஸ்டர்டாமை. எல்லா மதத்தவரும் அங்கே இணக்கமாக வாழ்கிறார்கள், ஒருவனுக்குக் கடன் கொடுக்குமுன் அவன் பணக்காரனா, நாணயமானவனா என்று பார்ப்பார்களே ஒழிய மதத்தைக் கேட்பதில்லை என்பது அவர் எடுத்துச்சொன்ன நடைமுறை. நடைமுறை கண்முன் இருந்தது. தத்துவஞானி அதிலிருந்து கொள்கையைப் பிழிந்தெடுத்தார். அதற்காக அவர் பணி சிறியதாகிவிடாது. வசதிக்காக இருந்ததை உரிமை என்று அவர் நிறுவியதால்தான், வசதி போனபின்னும் அதைக் கேட்க மற்றவர்களுக்கு வாய் வந்தது.

ஆம்ஸ்டர்டாமின் சகிப்பு எப்படிப்பட்டது என்று பார்க்க அவுடஸைட்ஸ் வோர்பர்க்வால் கால்வாய்க்கரையில் ஒரு வீட்டுக்குப் போகலாம். யான் ஹார்ட்மன் என்ற கத்தோலிக்க வணிகர் 1661-ல் வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற வீடுகளைப்போலவே இருக்கும். குறுகலான மாடிப்படியில் ஏறிக்கொண்டே போனால், மேல்தளங்களில் தளவரிசையை வெட்டித் திறந்து ஒரு முழுத் தேவாலயத்தையே பொருத்தியிருக்கிறார்கள்: மாடங்கள், பலிபீடம், பக்கத்துத் தூணின் அடியில் மடக்கி உள்ளே தள்ளிவிடக்கூடிய பிரசங்க மேடை. கத்தோலிக்கப் பூசை சட்டப்படி குற்றம். நகர அதிகாரிகளுக்கு இது தெரியாமலும் இல்லை. தெருவுக்குத் தெரியாதிருந்தால் போதும், கூடவே காவல் அதிகாரிக்குக் கட்டணம் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். 1579 உட்ரெக்ட் ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் ஷரத்து மனசாட்சிச் சுதந்திரத்தைத்தான் கொடுத்தது. வழிபாட்டுச் சுதந்திரத்தை அன்று. நடுவிலிருந்த இடைவெளியில் காசு ஓடியது. கொஞ்சம் நடந்தால் 1675-ல் திறந்த போர்த்துகீசிய யூதர்களின் தொழுகைக்கூடம். அது ஒளிந்துகொள்ளவில்லை; ஊரிலேயே பெரிய கட்டடங்களில் ஒன்று. இன்றும் மின்விளக்கு இல்லை. தரையில் மணல் தூவி, பித்தளைக் கொத்துவிளக்குகளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்த யூதர்கள் சேரியில் அடைக்கப்படவில்லை, தனி அடையாளம் அணிய நிர்ப்பந்திக்கப்படவில்லை. ஆனால் பெரும்பாலான தொழிற்சங்கங்களில் சேர முடியாது, அரசுப் பதவி கிடையாது. முழுக் குடியுரிமை வந்தது 1796-ல்.

சகிப்புக்கு விலையும் உண்டு, எல்லையும் உண்டு. ஸ்பினோசாவின் நூல் லத்தீனில், ஆசிரியர் பெயரில்லாமல், ஹாம்பர்கில் அச்சிட்டதாகப் பொய் முகப்போடு வந்தது; நான்கு ஆண்டு கழித்தே தடைசெய்தார்கள். அவருடைய நண்பர் அட்ரியான் கூர்பாக் அதே மாதிரிக் கருத்துகளைச் சாதாரண மக்கள் படிக்கும் டச்சு மொழியில் எழுதினார். 1668-ல் தண்டனை, அடுத்த ஆண்டே சிறையில் செத்தார். படித்தவர்களுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், கூலிக்காரன் காதில் விழக்கூடாது என்பதே நகரத் தந்தையரின் கணக்கு.

மாக்ஸ் வேபர் இதையெல்லாம் கால்வினின் கணக்கில் எழுதியிருப்பார். உழைப்பு, சிக்கனம், மீட்சி பற்றிய பதைப்பு ஆகியவை சேர்ந்து முதலாளியத்தின் மனப்பாங்கை உருவாக்கின என்று அவர் 1904-05-ல் எழுதிய கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அந்தக் கருத்து கவர்ச்சியானது, அதனாலேயே நான் அதை நம்பத் தயங்குகிறேன். இரட்டைப் பதிவுக் கணக்கும் பொதுக்கடனும் கத்தோலிக்க இத்தாலியில் பிறந்தவை. நீர் வாரியம் கத்தோலிக்கக் காலத்தது. ஆம்ஸ்டர்டாம் பங்குச்சந்தையைப் பற்றிய முதல் புத்தகத்தை 1688-ல் எழுதிய யோசேப் டி லா வேகா யூதர். கடனுக்கு வட்டி 1650களில் ஹாலந்தில் நூற்றுக்கு நான்காக இறங்கியதற்குக் காரணம் பக்தி அல்ல. கடன் கொடுத்த குடும்பங்களே வரி விதிக்கும் மன்றத்திலும் உட்கார்ந்திருந்ததால் பணம் திரும்பும் என்ற உறுதி இருந்தது.

அந்த உறுதியை ஆம்ஸ்டர்டாமின் பழைய நகரமன்றத்தில், இப்போதைய அரண்மனையில், பார்க்கலாம். 13,659 மரக்கம்பங்களைச் சேற்றில் அறைந்து அதன்மேல் நிறுத்திய கட்டடம். மேலே உள்ள குடிமக்கள் கூடத்தின் பளிங்குத் தரையில் உலகத்தின் இரு அரைக்கோளங்களும் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம்காரர்கள் உலகத்தின் மேல் நடந்தார்கள். கீழே நிலவறையில், 1609-ல் தொடங்கிய நாணயமாற்று வங்கியின் வெள்ளி. 1672-ல் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புகுந்தபோது வாடிக்கையாளர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வங்கிக்கு ஓடினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வங்கி நாணயத்தை எண்ணிக் கொடுத்தது. அவற்றில் சில, இதற்கு முன்பிருந்த நகரமன்றம் எரிந்தபோது கருகிய நாணயங்கள் என்று ஆடம் ஸ்மித் எழுதுகிறார். அதாவது போட்ட வெள்ளி தொடப்படாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. நூறாண்டு கழித்து இதே வங்கி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இரகசியமாகக் கடன் கொடுத்தது. அது வெளியே தெரிந்ததும் நம்பிக்கை போயிற்று, வங்கியும் போயிற்று.

கம்பெனி 1602 மார்ச்சில் பிறந்தது. அந்த ஆகஸ்டில் அதன் ஆம்ஸ்டர்டாம் கிளைக்குப் பங்கு எழுதியது டிர்க் வான் ஓஸின் வீட்டு முன்கூடத்தில். 1,143 பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் பெயர் கொடுத்தவர்களில் நேல்ட்கன் கொர்னேலிஸ் என்ற பெண்ணும் உண்டு. அவள் அந்த வீட்டு வேலைக்காரி. எழுதிய தொகை 100 கில்டர். எஜமானனும் வேலைக்காரியும் ஒரே பேரேட்டில் பங்காளிகள். யாரும் சமத்துவத்தைப் பிரசங்கம் செய்யவில்லை. பணத்துக்குச் சாதி பார்க்காத ஒரு பதிவேடு அந்தக் காரியத்தைச் செய்தது. ஆனால் கம்பெனியை ஆண்டது பதினேழு கனவான்கள். பங்குதாரருக்கு ஓட்டு இல்லை, வாக்குறுதி கொடுத்த பத்தாண்டுக் கணக்கையும் காட்டவில்லை. கோபம்கொண்ட லெ மேர், தம்மிடம் இல்லாத பங்குகளையே விற்று விலையைச் சரிக்கப் பார்த்தார். 1610-ல் அத்தகைய விற்பனைக்குத் தடை வந்தது. கையில் வாக்கில்லாத பங்குதாரன் பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம், அது ஒன்றே அவன் ஆயுதம்.

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் ஒரு காலத்தில் ஏரி. வான் ஓஸும் அவர் சகோதரர் ஹென்ட்ரிக்கும் மற்ற வணிகர்களும் பணம் போட்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளால் நீரை இறைத்து 1612-ல் அதை நிலமாக்கினார்கள். 1610-ல் வேலை முடியப்போகும் தறுவாயில் புயல் கரையை உடைத்து ஏரியை மறுபடி நிரப்பிவிட்டது. மீண்டும் முதலிலிருந்து இறைத்தார்கள். இன்று கடல்மட்டத்துக்கு மூன்றரை மீட்டர் கீழே, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போன்ற சாலைகள், சதுரம் சதுரமாகப் புல்வெளிகள், பசுக்கள். கம்பெனிப் பங்கும் ஏரி நிலமும் ஒரே மனிதர்களின் பேரேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்திருக்கும். ஆபத்தைத் துண்டாக்கிப் பலர் தலையில் பகிர்வதைக் கரை கற்றுக்கொடுத்தது. கடலுக்கு அப்பால் போனபோதும் அதையே செய்தார்கள்.

கரைக்கு அப்பால் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை ஹோர்ன் ஊரில் பார்க்கலாம். 2010-ல் இந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் ஒரு மாணவர், கம்பெனியின் என்க்ஹெய்சன் கிளை 1606-ல் கொடுத்த 150 கில்டர் பங்குப் பத்திரத்தைக் கண்டெடுத்தார். தெரிந்தவரை உலகிலேயே மிகப் பழையது. ஊர்ச் சதுக்கத்தில் 1893-ல் நிறுத்திய யான் பீட்டர்சன் கூனின் சிலை. கம்பெனியின் தலைமை ஆளுநரான கூன் இந்த ஊர்க்காரர். ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளை 1621-ல் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் பட்டினிபோட்டும் கப்பலேற்றியும் ஒழித்தார். சோழமண்டலக் கரைக்கும் இதில் பங்குண்டு. கம்பெனி 1610-ல் பழவேற்காட்டில் கால்வைத்தது. 1613 முதல் கெல்டிரியா கோட்டை. கிழக்குத் தீவுகளில் மசாலாவுக்கு மாற்றாகக் கேட்டது சோழமண்டலத் துணியை. துணியோடு, பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்க நேர்ந்த ஆயிரக்கணக்கான மனிதர்களும் கம்பெனியின் கீழைத் தலைமையிடமான பத்தேவியாவுக்குக் கப்பலேறினார்கள். பங்குப் பத்திரத்தில் இவர்கள் எவருக்கும் இடமில்லை.

ஐரோப்பா சுதந்திரம் பேசியது வெறும் பாசாங்கு, காலனிக் கொள்ளைதான் நிஜம் என்று இதை வைத்து முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. கோபம் நியாயமானது, விளக்கம் போதாது. நீர் வாரியமும் உட்ரெக்ட் ஒப்பந்தமும் 1581 பிரகடனமும் பாண்டாவுக்கு முந்தையவை. கொள்ளையின் பணத்தில் பிறந்தவை அல்ல. பாசாங்கு என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எல்லோருக்குமான உரிமை என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவே இல்லை. கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கூட்டாளி அல்லாதவனுக்குக் கடன்படவில்லை என்று நினைத்தார்கள். ஸ்பினோசாவே, முடிக்காமல் விட்டுப்போன கடைசி நூலில், ஜனநாயகத்தில் பெண்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஓட்டு வேண்டாம் என்றார். நேல்ட்கன் இரண்டு கணக்கிலும் வெளியே. 1683 முதல் 1689 வரை ஹாலந்தில் ஒளிந்து வாழ்ந்து, சகிப்பைப் பற்றிய கடிதத்தை அங்கேயே எழுதிய லாக், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் ஒரு காலத்தில் பங்கு வைத்திருந்தவர். இதை முரண்பாடு என்று நாம் சொல்கிறோம். அவருக்கு அது இரண்டு தனித்தனிப் பேரேடு.

வட்டம் பின்னால் விரிந்தது; ஆனால் உள்ளே இருந்தவர்களின் தாராள மனத்தால் விரிந்தது என்று சொல்ல ஆதாரம் குறைவு. வெளியே இருந்தவர்கள், உள்ளே எழுதி வைத்த சொற்களையே எடுத்துக் கதவைத் தட்டினார்கள். டச்சுப் பெண்கள் நெடுங்காலம் போராடி ஓட்டுரிமை பெற்றது 1919-ல். கூன் சிலையின் பீடத்தில் இப்போது அவர் செய்ததையும் குறிப்பிடும் பலகை இருக்கிறது. அதுவும் பலர் பலகாலம் சண்டை போட்ட பிறகே வந்தது. நெதர்லாந்து தன் மேற்குக் காலனிகளில் அடிமைமுறையை 1863 ஜூலை 1 அன்று ஒழித்தது. சூரினாமில் விடுவித்த ஒவ்வொரு ஆளுக்கும் 300 கில்டர் நஷ்டஈடு கொடுத்தார்கள், அடிமைக்கு அல்ல, உடைமைக்காரனுக்கு. விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் இன்னும் பத்தாண்டு அரசு மேற்பார்வையில் தோட்ட வேலை செய்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அவர்கள் 1873-ல்தான் வெளியேற முடிந்தது.